மக்கா சாப்பிடாத மூன்று குளிர்காலங்கள்

"மக்கா மூணு வாரமாச் சாப்பிடலைம்மா" என்று 2012 நவம்பர் கடைசியில் தொலைபேசியில் சொன்னபோது நாகர்கோவிலிலிருந்து அம்மா போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் ஊரில் மக்கா என்றால் பெற்ற பிள்ளை, கூட்டாளி, பக்கத்து வீட்டுப் பையன் எல்லாருமே. என் மகனைத்தான் சொல்கிறேன் என்று அம்மா நினைத்துவிட்டாள். பாம்பைச் சொல்கிறேன் என்று விளங்கவைத்த பிறகு கூச்சல் இரண்டு மடங்கானது.

நாங்கள் இருப்பது டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில். அந்த வருடம் ஜூலையில் ஊர்வன கண்காட்சி ஒன்றுக்குப் போன இடத்தில், அப்போது 11 வயதாக இருந்த என் மகன் ஒரு கார்ன் ஸ்நேக்கின் முன்னால் நின்றவன் நகரவே இல்லை. நாய்தான் கேட்டுக்கொண்டிருந்தான். நாய்க்கு நடை, முடி, குரைப்பு. பாம்புக்கு வாரம் ஒரு எலி, அவ்வளவுதானே என்று நானும் என் கணவரும் கணக்குப் போட்டோம். விலை 120 டாலர். "ஆண், ஒன்றரை வயது, சாது" என்றார் விற்றவர். விஷமில்லாத இனம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிதான் அதற்குச் சொந்த ஊர், நம்மூர்ச் சாரைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பெல்லாம் ஆரஞ்சும் செங்கல் நிறமும், வயிற்றுப் பக்கம் சோளக்கதிரின் மணிகளைப் போலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். மக்காச்சோளம் என்று மகன் பெயர் வைத்தான், ஒரே நாளில் அது மக்கா ஆகிவிட்டது. அம்மாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது: "வீட்ல பாம்பு வெச்சா போலீஸ் புடிக்காதா?" ஊரில் நல்லபாம்பையோ சாரையையோ பிடித்து வீட்டில் வைத்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். இங்கே இந்த இனத்துக்குத் தடை இல்லை.

அக்டோபர் வரை எல்லாம் நன்றாகப் போனது. உறைந்த எலியைச் சுடுநீரில் இளக்கி இடுக்கியில் நீட்டினால் டக்கென்று பாய்ந்து சுற்றிக்கொள்ளும். நவம்பர் முதல் வாரம் எலியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் எனக்குத் தூக்கம் போயிற்று. யாராவது ஒரு வேளை சாப்பிடவில்லை என்றாலே கை பதறுகிற வளர்ப்பு என்னுடையது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கும் கஞ்சியைப் புகட்டித்தான் பழக்கம். அதே கையோடு பாம்பிடம் போனேன். எலியைச் சின்னதாக மாற்றினேன், இன்னும் சூடாக்கினேன், அதன் மூக்கில் கோழிச்சாறு தடவினேன். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் உயிருள்ள எலியை வாங்கித் தொட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். செய்ததிலேயே மடத்தனம் இதுதான். பசியில்லாத பாம்பு எலியைத் தொடாது, ஆனால் எலிக்குப் பசிக்கும். விடிந்து பார்த்தால் மக்காவின் முதுகில் இரண்டு இடத்தில் கடி, ரத்தம் காய்ந்து கிடந்தது. மகன் அன்று என்னோடு பேசவில்லை.

அப்புறம்தான் ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரைத் தேடிப்பிடித்தேன். பார்வைக் கட்டணம் 90 டாலர், மலப் பரிசோதனைக்கு 40. அவர் பாம்பைத் தராசில் வைத்தார். 279 கிராம். "சாப்பிடுவதை நிறுத்துமுன் எவ்வளவு இருந்தது?" என்றார். நல்லவேளை, மகன் பள்ளிக்கூட அறிவியல் வேலைக்காக அக்டோபரில் சமையல் தராசில் நிறுத்து எழுதியிருந்தான், 286. இரண்டு மாதப் பட்டினியில் 7 கிராம். மருத்துவர் சிரித்துவிட்டு, "இதற்கு ஒன்றுமில்லை. உங்களுக்குத்தான் இளைத்திருக்கிறது" என்றார்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி தொட்டியின் சூடு எவ்வளவு என்பது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த வட்டத் தெர்மாமீட்டரைப் பார்த்து 27 டிகிரி என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து, பாம்பு படுக்கிற தரையிலேயே டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை வைத்து அளந்தால், சூடான மூலையிலேயே 24-தான் காட்டியது. தொட்டி அடித்தள அறை ஜன்னலை ஒட்டி இருந்தது, கீழிருந்த ஹீட் மேட் என்ற சூடாக்கும் விரிப்பின் மேல் மரச்சீவலைக் கனமாகக் கொட்டியிருந்தேன். ஜன்னல் வழியாகப் பகல் குறைவது வேறு தெரிந்துகொண்டே இருந்தது. குளிர்காலம் வருகிறது, வயிற்றைக் காலியாக வைத்துக்கொள் என்று அதன் உடம்புக்கு நாங்களே சொல்லியிருக்கிறோம், அது கேட்டிருக்கிறது. சீவலைக் குறைத்து, சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் வாங்கி, ஒரு பக்கத்தை 29-க்கும் மறுபக்கத்தை 23-க்கும் கொண்டுவந்தேன். அந்தச் சாமான்களுக்கு 85 டாலர். பிப்ரவரி நடுவில் ஒரு சின்ன எலியை எடுத்தது. புதிதாகப் பாம்பு வளர்க்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது தராசு இருக்கிறதா என்றுதான். சாப்பிடாத நாட்களை எண்ணிப் பயனில்லை. வளர்ந்த, சதைப்பிடிப்பான கார்ன் ஸ்நேக் இரண்டு மூன்று மாதம் சும்மா இருக்கும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, முதுகெலும்பு மேடாகத் தெரிந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மருத்துவரிடம் போங்கள். குட்டிகளுக்கு மட்டும் இந்தத் தாராளம் கிடையாது, அவற்றுக்குச் சேமிப்பு குறைவு.

இதையெல்லாம் கற்றுக்கொண்டதால் அடுத்த குளிர்காலத்தில் நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன். 2013 டிசம்பர். மக்கா நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, 430 கிராம். மாமனாருக்கு அறுவைச் சிகிச்சை என்று கணவர் நாகர்கோவில் போயிருந்தார். 20-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, சாப்பிடுகிறதே என்ற ஆசையில் ஒன்றுக்கு இரண்டாக எலி கொடுத்தேன். உறைமழை வரப்போகிறது என்று செய்தியில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அதற்கும் பாம்பின் வயிற்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை ராத்திரி பெய்த மழை விழுந்த இடத்திலெல்லாம் கண்ணாடியாக உறைந்தது. விடியற்காலையில் மரக்கிளைகள் துப்பாக்கி வெடிப்பது போல முறிந்துகொண்டிருந்தன. மின்சாரம் போயிற்று. டொராண்டோவில் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகள் இருண்டன என்று அப்புறம் படித்தோம். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னேஸ் எரிவாயுவில்தான் எரியும், ஆனால் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். ஞாயிறு மாலை வீட்டுக்குள் 15 டிகிரி, திங்கள் காலையில் 9. நானும் மகனும் இரண்டு ஜாக்கெட்டுகளோடு ஒரே கம்பளிக்குள் கிடந்தோம். அவன் கேட்டது ஒரே கேள்வி: "மக்கா செத்துடுமா?"

காட்டில் இந்த இனம் குளிரைத் தாங்கும் என்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும். மண்ணுக்கடியில், மரவேர்ப் பொந்துகளில் மாதக்கணக்கில் கிடந்து எழுந்து வரும். அதனால் குளிர் ஒன்றும் செய்யாது என்று ஒரு மனம், எலும்பு விறைக்கிறதே என்று இன்னொரு மனம். தொட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன், ஐஸ் குச்சி மாதிரி இருந்தது. நடு உடம்பில் இரண்டு எலிகளின் மேடு அப்படியே இருந்தது. அந்த மேடுதான் ஆபத்து என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தலையணை உறைக்குள் பாம்பைப் போட்டு என் வயிற்றோடு கட்டிக்கொண்டேன். காரை வாசலில் நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, மடியில் பாம்போடு இரண்டு மணிநேரம் உட்கார்ந்தேன். உள்ளே வந்ததும் மறுபடி 9 டிகிரி. மறுபடி கார். இப்படி நாலு தடவை. மருத்துவமனையில் 27-ஆம் தேதிதான் திறப்போம் என்று பதிவுசெய்த குரல் சொன்னது.

திங்கள் மாலை புத்தி பேதலித்து, பின்பக்கம் கிடந்த கரி அடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "பிள்ளை, அதை உள்ளுக்க கொண்டு போகாதேங்கோ. மணமில்லாத வாயு, நித்திரையிலேயே ஆள் முடிஞ்சிடும்" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். வீட்டுக்குள் கரி மூட்டியும் ஜெனரேட்டர் ஓட்டியும் கார்பன் மோனாக்சைடில் ஆட்கள் சிக்கியது அந்த நாட்களில் உண்மையிலேயே நடந்தது. பாம்பைக் காப்பாற்றப் போய் என் பிள்ளையை நான் என்ன செய்யவிருந்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

செவ்வாய்க்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மக்கா கக்கியது. அந்த நாற்றத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. இரண்டு எலிகளும் பாதி கரைந்து, ஊதிப்போய், பச்சை பாரித்து வெளியே வந்தன. மின்சாரம் மறுநாள் இரவு வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். ஜனவரி முதல் வாரத்தில் தொட்டியிலிருந்து மெல்லிய விசில் சத்தம். மூச்சு விடும்போதெல்லாம் மூக்கில் குமிழ் வந்தது. தலையை மேலே தூக்கிக்கொண்டே படுத்திருந்தது. நுரையீரல் தொற்று. எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, மருந்து, இரண்டு மறுபார்வை, ஆக மொத்தம் 640 டாலர். செஃப்டாசிடைம் என்ற கிருமிக்கொல்லி ஊசி, மூன்று நாளைக்கு ஒரு முறை, உடம்பின் முன்பாதியில் முதுகுச் சதையில் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். மகன் தலைப்பக்கம் பிடித்துக்கொள்ள, கை நடுங்க நடுங்க நான் ஊசி போட்டேன். முதல் ஊசிக்கு இருபது நிமிடம் ஆனது. ஏழாவது ஊசியை டீ கொதிக்கிற நேரத்தில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுபார்வையின்போது மருத்துவர் நிதானமாக விளக்கினார். பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது, செரிமானமும் வெளிச் சூட்டை நம்பித்தான் நடக்கிறது. 29 டிகிரியில் நாலைந்து நாளில் கரைகிற எலி, 10 டிகிரியில் அப்படியே கிடக்கும். செரிக்கிற திரவங்கள் நின்றுவிடும், எலியின் வயிற்றிலிருந்த கிருமிகள் நிற்காது. வயிற்றுக்குள்ளேயே உணவு அழுகும். காட்டுப்பாம்பு இலையுதிர் காலத்திலேயே தின்பதை நிறுத்திவிட்டுப் பொந்துக்குப் போவது அதனால்தான். வெள்ளிக்கிழமை நான் எலி கொடுக்காமல் இருந்திருந்தால், அந்த நாலு நாளும் தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டில் விட்டிருந்தாலே போதும், 9 டிகிரியை அது பாட்டுக்குத் தாண்டியிருக்கும் என்றார். கொடுத்துவிட்டேன் என்றால்? தெர்மோகோல் பெட்டிக்குள் துண்டு சுற்றிய சுடுநீர்ப் பாட்டில், இரண்டு மூன்று மணிக்கொரு முறை மாற்றி, பாம்பை எடுக்காமல், பெட்டிக்குள்ளேயே 27-ஐ ஒட்டி வைத்திருக்க வேண்டும். எங்கள் அடுப்பு எரிவாயு அடுப்பு, தீக்குச்சியால் பற்றவைத்தால் எரியும். சுடுநீருக்குப் பஞ்சமே இல்லை. நான் என்ன செய்தேன்? நாலு தடவை சூடாக்கி நாலு தடவை குளிரவைத்தேன். எதிர்ப்புச் சக்தி ஒரேயடியாகக் கவிழ்வது இப்படி ஊசலாடும்போதுதானாம். அன்றிலிருந்து புயல், பனி என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் உறைந்த எலி ஃப்ரீசரிலேயே கிடக்கும். கக்கிய பாம்புக்கு உடனே பரிதாபப்பட்டு ஊட்டவும் கூடாது. இரண்டு வாரம் விட்டு, வழக்கத்தில் பாதி அளவு எலி ஒன்று. அதற்குள் கொடுத்தால் மறுபடி கக்கும், அடுத்த தடவை இன்னும் மோசமாக இருக்கும்.

ஊர்வனவற்றின் இந்தக் குளிர் ஓய்வைத்தான் புருமேஷன் என்கிறார்கள். வில்பர் மேஹ்யூ என்ற விலங்கியலாளர் 1965-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். கரடியோ அணிலோ கொழுப்பை ஏற்றிக்கொண்டு தூங்குவது போன்றது இல்லை இது. பாம்பு இடையிடையே விழிக்கும், நகரும், தண்ணீர் குடிக்கும், சாப்பிட மட்டும் செய்யாது. எல்லாப் பாம்புக்கும் இது பொருந்தாது என்பதை மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஒரு இளைஞனிடம் பார்த்தேன். மடியிலிருந்த பெட்டியில் 'பால் பைதான்' (ball python) என்கிற சின்ன மலைப்பாம்பு. அதுவும் குளிர்காலத்தில் சாப்பிடாமல் இருந்ததால், சரி, தூங்கட்டும் என்று ஹீட்டரை அணைத்துவிட்டானாம். அது மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு. மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், ஆனால் இந்தக் குளிர் அதன் பரம்பரையிலேயே இல்லை. பாம்பு எந்த ஊர்க்காரர் என்று தெரியாமல் சூட்டில் கைவைக்காதீர்கள்.

இவ்வளவு கேட்ட பிறகு சும்மா இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. இயற்கையில் நடப்பதை வீட்டிலும் நடத்திக்கொடுத்தால் அதற்கு நல்லதுதானே என்று தோன்றிவிட்டது. 2014-15 குளிர்காலத்தில் முறைப்படி புருமேஷன் செய்தேன். வீட்டுப் பாம்புக்கு இது அவசியமே இல்லை, முட்டைக்காக வளர்ப்பவர்கள்தான் செய்வார்கள் என்று மருத்துவர் சொல்லத்தான் செய்தார். எங்களுடையது தனி ஆண், முட்டைக்கு வழியே இல்லை என்று பதில் சொன்னேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கார்பரோவின் பழைய வீடுகளில் முன்வாசல் திண்ணைக்கு அடியில் கோல்ட் ரூம் என்று ஒரு சிமெண்ட் அறை இருக்கும். அரிசி மூட்டை, மாங்காய் ஊறுகாய், ஊரிலிருந்து வந்த புளி எல்லாம் அங்கேதான். குளிர்காலத்தில் அது 11-லிருந்து 13 டிகிரிக்குள் நிற்கும் என்பதை முதலில் ஒரு மாதம் அளந்து உறுதி செய்துகொண்டேன். அக்டோபர் கடைசியில் உணவை நிறுத்தினேன். சூட்டை மட்டும் குறைக்கவில்லை, முழுதாக மூன்று வாரம், இரண்டு தடவை மலம் கழிக்கும் வரை. இந்த மூன்று வாரத்தைத்தான் யாரும் பொறுமையாகக் கடப்பதில்லை, பாம்புகள் சாவதும் பெரும்பாலும் இங்கேதான். அப்புறம் பத்து நாளில் தெர்மோஸ்டாட்டைப் படிப்படியாக இறக்கி, நவம்பர் கடைசியில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் உண்டு. அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதிகிற தெர்மாமீட்டர் ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை. 540-இல் உள்ளே போனது, பிப்ரவரியில் 521. அந்தப் பிப்ரவரி டொராண்டோ கண்ட மிகக் கடுமையான பிப்ரவரிகளில் ஒன்று. ஒரு காலை தெர்மாமீட்டர் குறைந்தபட்சம் 6 என்று காட்டியது. காற்றுத் துவாரத்தில் பழைய கம்பளியை அடைத்தேன். அளக்காமல் விட்டிருந்தால் தெரிந்தே இருக்காது.

பிப்ரவரி நடுவில் மறுபடி படிப்படியாகச் சூடேற்றி, ஒரு வாரம் பொறுத்து ஒரு சின்ன எலி கொடுத்தேன். பாய்ந்து எடுத்தது. மார்ச், ஏப்ரல் முழுக்க அசுரப் பசி. ஏப்ரலில் சட்டை உரித்தது. அதன் பிறகு இரவெல்லாம் தொட்டியின் ஓரங்களை முட்டிக்கொண்டு உலாத்தல். மே தொடக்கத்தில் திடீரென்று எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வெயில், உள்ளே 29 டிகிரி, எடையோ ஏறிக்கொண்டிருக்கிறது. பின்பாதி உடம்பு தடித்திருந்ததை நன்றாகத் தின்ற சதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மாதம் அத்தை மகள் வீட்டு விசேஷத்துக்கு வின்னிபெக் போனோம். அங்கிருந்து வடக்கே ஒன்றரை மணிநேர ஓட்டத்தில், பாம்புக் குழிகளுக்குப் பேர்போன நார்சிஸ் என்ற ஊர் இருக்கிறது. மகனுக்காகப் போனதுதான், வாய் பிளந்து நின்றது நான். சுண்ணாம்புப் பாறைக் குழிகளுக்குள் மண் உறைகிற ஆழத்துக்கும் கீழே இறங்கிப் பல்லாயிரம் கார்ட்டர் பாம்புகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 1999-இல் கடுங்குளிரில் ஆயிரக்கணக்கில் செத்தும் இருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் முதலில் வெளியே வருபவை ஆண்கள். பெண்ணுக்காகக் குழி வாயிலிலேயே காத்துக் கிடக்கும். பெண் தலைகாட்டியதும் டஜன்கணக்கில் ஆண்கள் மொய்த்து, நூல்கண்டு உருளுவது போல ஒரு பந்து. அத்தனை மாதம் பட்டினி கிடந்த பாம்புகள், காலடியில் எது ஓடினாலும் கவனிப்பதில்லை. இரை தேடல் எல்லாம் கூடல் முடிந்து சதுப்பு நிலங்களுக்குப் போன பிறகுதான், அதற்கு 15 கி.மீ.க்கு மேலும் போகும். இன்னொன்று என்னை யோசிக்க வைத்தது. அந்த ஆண்கள் இணைசேரச் செலவிடுகிற விந்து முந்தின கோடையில் உண்டாகிக் குளிர் முழுக்க உடம்பில் காத்திருந்தது. அவற்றின் வேட்கையைத் தூண்டுவதும் ஹார்மோன் ஏற்றத்தை விட நீண்ட குளிருக்குப் பின் வருகிற வெதுவெதுப்புதான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைப் படித்ததும் எனக்கு ஒரே தெளிவு. மக்கா ஆண், குளிரிலிருந்து எழுந்திருக்கிறது, பெண்ணைத் தேடி உலாத்துகிறது, அதனால் சாப்பாடு வேண்டாம். எல்லாம் பொருந்துகிறது! கவலையை மூட்டை கட்டிவிட்டு ஊர் திரும்பினேன்.

மே கடைசியில் இன்னொரு சட்டை உரித்தது. ஜூன் 6-ஆம் தேதி காலையில் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் மக்கா சுருண்டு கிடந்தது, சுற்றிலும் மஞ்சள் மஞ்சளாக என்னவோ. மகன் எண்ணினான், பத்து முட்டைகள்.

ஆண் என்று சொன்னதை மூன்று வருடமாக யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. நல்ல முட்டை வெள்ளையாகத் தோல் போல இருக்கும். இவை கரு ஏறாதவை, மஞ்சளாகச் சுருங்கிக் கெட்டியாக இருந்தன. ஆண் இல்லாமலும் பெண் இப்படி இடும். குளிர்விக்காமலே இடுவதும் உண்டு, அதனால் புருமேஷன்தான் காரணம் என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இனப்பெருக்கம் செய்பவர்கள் எந்தச் சாவியைத் திருப்புகிறார்களோ அதையேதான் நானும் திருப்பியிருக்கிறேன். முட்டை சுமக்கிற பெண்ணும் சாப்பிடாது. இடுவதற்குப் பத்து நாள் முன்போல ஒரு சட்டை உரிக்கும், ஈரப்பாசி போட்ட மூடிய பெட்டியைத் தேடும். நான் வைக்காததால் கிண்ணத்தில் இட்டிருக்கிறது. வயிற்றில் இன்னும் ஒரு மேடு இருந்தது. முட்டை சிக்கிக்கொண்டால் பாம்பு செத்துப்போகும் என்று மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, காத்திருக்கச் சொன்னார். மூன்றாம் நாள் பதினோராவது முட்டை வெளியே வந்தது. அதற்கு 280 டாலர். 120 டாலர் பாம்புக்கு மூன்று வருடத்தில் நான் அவிழ்த்த பணம் 1,135 டாலர். அதில் முக்கால்வாசி, ஒரு தராசும் இரண்டு எலியைக் கொடுக்காத கையும் இருந்திருந்தால் மிச்சமாகியிருக்கும். வாங்கும்போதே ஊர்வன மருத்துவரிடம் ஒருமுறை காட்டி ஆணா பெண்ணா என்று கருவி வைத்துப் பார்த்துவிடுங்கள். பட்டினி ஒன்றுதான், அதன் அர்த்தம் இரண்டுக்கும் வேறு.

அதற்குப் பிறகு மக்கா கோல்ட் ரூமுக்குப் போகவில்லை. அங்கே ஊறுகாய் மட்டும்தான். நவம்பர் வந்தால் அவளாகவே சில வருடம் ஆறு வாரம், சில வருடம் பத்து வாரம் எலியை மறுக்கிறாள். தொட்டியின் சூட்டை 29-இலேயே வைத்திருக்கிறேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எலி காட்டுகிறேன், வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். வசந்தத்தில் ஈரப்பாசிப் பெட்டி ஒன்று தயாராக இருக்கும். மகன் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கூப்பிடுகிறாள். முதல் வருடம் "புத்துக்குப் பால் ஊத்துற மாதிரி கொஞ்சம் பாலாவது வெச்சுப் பாரு" என்றவள், பாம்பு பால் குடிக்காது என்பதை இன்னும் முழுசாக நம்பவில்லை. போன வாரம் கேட்டாள், "மக்களே, மக்கா சாப்ட்டாச்சா?"

எந்த மக்கா என்று கேட்டேன்.

"ரெண்டும்தான். பாம்பு எத்தன கிராம்?"

718 என்றேன். முந்தின தடவை 722 சொன்னாயே என்றாள்.